மாமாவின் பேஸ் கிதாரும் சுப்ரதா மித்ராவின் வெள்ளைத் துணியும்

என் மாமா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சனி ஞாயிறுகளில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் பேஸ் கிதார் வாசிப்பார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மேடை ஏறியிருக்கிறார். அவர் வாசிக்கிற போட்டோ என்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. 1986-ல் எடுத்தது. அதில் அவர் முகம் பாடகரின் தோளுக்குப் பின்னால் பாதிதான் தெரியும். கிதார் இருக்கவேண்டிய இடத்தில் ஃபிளாஷ் அடித்து ஒரு வெள்ளைத் திட்டு.

மாமா போய் நான்கு வருஷம் ஆகிறது. போன மாதம் அத்தை அந்தக் கிதாரை பூந்தமல்லிப் பையன் ஒருவனுக்குக் கொடுக்க முடிவு செய்தார். "சும்மா பீரோ மேல தூங்குறதுக்கு யாராவது வாசிக்கட்டும்டா. போறதுக்கு முன்னாடி நல்லதா ஒரு போட்டோ எடுத்துக் கொடு" என்றார். எனக்குக் கிடைத்தது இரண்டு ராத்திரி.

முதல் ராத்திரி நான் எடுத்ததிலும் அதே வெள்ளைத் திட்டு. 1986-லிருந்து கேமரா எவ்வளவோ மாறிவிட்டது, ஒளி மாறவில்லை. கேரம் போர்டில் காய் விளிம்பில் பட்டு எந்தக் கோணத்தில் போனதோ அதே கோணத்தில் திரும்புகிறதே, அதேதான். பளபளப்பான பரப்புக்கு நேரே நின்று ஃபிளாஷ் அடித்தால் அது நேராக லென்ஸுக்கே திரும்பி வரும். கிதாரின் பளபளப்புக்கு ஒரு சரித்திரமும் உண்டு. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் கிதார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். (சியாட்டிலில் பால் டுட்மார்க் 1930-களிலேயே இதைச் செய்து பார்த்தார், எடுபடவில்லை.) ஐம்பதுகளின் கடைசியில் ஃபெண்டர் கலர் கிதார்களுக்கு எடுத்தது டூபான்ட் கம்பெனியின் கார் பெயின்ட். ஆக, கிதாரைப் படம் எடுப்பது கார் பானெட்டைப் படம் எடுப்பது போலத்தான். பொருளுக்கு வெளிச்சம் போட்டால் போதாது. அந்தப் பொருள் எதைப் பிரதிபலிக்கிறதோ அதற்கு வெளிச்சம் போடவேண்டும்.

இதை நம் நாட்டில் பெரிய அளவில் செய்துகாட்டியவர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' அவருடைய முதல் படம். அதற்கு முன் சினிமா கேமராவையே இயக்கியதில்லை. நம் விஷயத்துக்குப் பொருத்தமாக, சிதார் வாசிக்கத் தெரிந்தவர். அந்தப் படத்தின் இசையில் ஒரு சிறு பகுதி அவர் வாசித்ததுதான். அடுத்த படம் 1956-ல் வந்த 'அபராஜிதோ'. காசியில் முற்றம் வைத்த வீடு ஒன்று அதில் வருகிறது. மழைக்குப் பயந்து அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து இறங்கும், அழுத்தமான நிழல் விழாது. ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் ஒரு ஆளுக்கு மூன்று நிழல். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழேயிருந்து விளக்குகளை அதன்மேல் திருப்பினார். துணி வானமாகிவிட்டது. பவுன்ஸ் லைட்டிங் என்று இன்று எல்லோரும் சொல்கிற முறையை அன்றைக்கே அவர் அந்த அளவில் செய்திருக்கிறார். ஐரோப்பிய ஒளிப்பதிவாளர்களுக்குக் கிடைத்த பேரில் பாதியாவது இவருக்குக் கிடைத்திருக்கவேண்டும் என்பது என் கட்சி.

என் வீட்டில் வானம் மாமாவின் வேட்டி. இரண்டாம் ராத்திரி அதைக் கொடிக்கயிற்றில் விரித்து, அதற்குப் பின்னால் ஒரு டேபிள் லாம்ப் வைத்தேன். கிதாரின் உடல் அழகாக வந்தது, தலைப்பக்கம் இருட்டு. காரணம் எளிது. தூரம் நான்கு மடங்கானால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகும். பேஸின் கம்பி நீளமே வழக்கமாக 34 அங்குலம், தலையும் உடலும் சேர்ந்தால் 46 அங்குலம் போல வரும். ஒரு முனைக்குக் கிட்டே இருக்கிற விளக்கு மறுமுனையைக் கைவிட்டுவிடும். அப்போதுதான் சுவரில் இருந்த டியூப்லைட்டைப் பார்த்தேன். நான்கடி, அதாவது 48 அங்குலம்! அளவெடுத்துச் செய்தது போல. ஸ்டோர் ரூமில் கிடந்த எல்.இ.டி. பட்டியை எடுத்துக் கிதாருக்குப் பக்கவாட்டில் சாய்த்தேன். கிதாரின் வளைவு முழுக்க ஒரே வெள்ளைக் கோடு ஓடியது.

அது போதும் என்று விட்டிருக்கலாம், ஆனால் எனக்கு ஜான் மிலி ஞாபகம் வந்தது. அவர் எம்.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தவர். கறுப்புப் பின்னணியில் ஓர வெளிச்சம் மட்டும் வைத்து, ஜாஸ் வாசிப்பவர்களை 1944-ல் 'ஜாமின் த ப்ளூஸ்' என்று பத்து நிமிஷக் குறும்படமாக எடுத்தார். 1949-ல் பிகாசோ கையில் சின்ன விளக்கைக் கொடுத்து, இருட்டில் காற்றில் வரையவிட்டு, ஷட்டரைத் திறந்தே வைத்துப் பதிவு செய்தவரும் அவர்தான். அவருக்கு முன்பே ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளியின் விரலில் பல்பு கட்டி, கை போகும் பாதையை இதே முறையில் படமாக்கினார்கள். வேலையில் வீண் அசைவைக் குறைக்கத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டாப்வாட்சோடு நிற்பவரைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களுக்கு அந்தப் பரம்பரை புரியும்.

லைட்டையெல்லாம் அணைத்தேன். கறுப்புக் கம்பளிமேல் கிதார், கேமரா ஸ்டாண்டில், ஷட்டர் 20 விநாடி. செல்போன் டார்ச்சைத் தாளில் சுற்றி, தரையை ஒட்டிய மாதிரி தாழ்வாகப் பிடித்து, கம்பிகளின் ஓரமாக மெதுவாக நகர்த்தினேன். பதினோராவது தடவைதான் சரியாக வந்தது.

காலையில் அத்தையிடம் காட்டினேன். நேர் வெளிச்சத்தில் நான் பார்த்தே இராத ஒரு குழிவு அதில் தெரிந்தது. பிக்கப்புக்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து மரம் லேசாக வெளியே வந்திருந்தது. அத்தை போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கட்டைவிரல இங்கதான் ஊனிக்குவாரு" என்றார்.

பையன் பதினோரு மணிக்கு வந்து கிதாரை வாங்கிக்கொண்டு போனான்.