பழைய வண்டியும் பழைய நிலையும்



மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், முள்ளியவளையை அடுத்து அமைந்திருப்பது ஊற்றுநீரால் பெயர் பெற்ற தண்ணீரூற்று. இத்தகைய வன்னி ஊர்களின் தெருக்களிலே ஒரு காலத்தில் ஓடித்திரிந்தவை ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கில மோட்டார் வண்டிகள். அவற்றுள் எஞ்சிய ஒன்றைக் கண்டால், அதனைப் பழைய நிலைக்கு மீட்க வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பே. ஆயின், பழைய நிலை என்பது எது?

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1961-ஆம் ஆண்டு பிறக்குமுன்பே பத்து இலட்சம் வண்டிகள் உருவாகிவிட்டன. இலங்கையிலோ, 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் ஆகியவை வடபகுதிக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. அப்பொழுது மண்ணெண்ணெயே எரிபொருளாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலின், சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்த விகிதம் குறைவாயிருந்த பழைய இயந்திரங்கள் இத்தாழ்ந்த எரிபொருளையும் ஒருவாறு தாங்கின. பற்றரி இல்லாவிடத்து, முன்புறத்தே கைப்பிடியைச் செருகிச் சுழற்றி முடுக்கும் பழைய வசதி கைகொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்ததனால் இயந்திரம் தேய்ந்ததும் உண்மையே. எனினும் வண்டி ஓடிற்று. நோயாளர் வைத்தியசாலை சேர்ந்தனர்.

இன்று அவ்வண்டியை மீட்பவர், தொழிற்சாலைப் படத்தைப் பார்த்து, பிற்காலத்திற் பொருத்திய சிறு தாங்கியையும் குழாயையும் கழற்றி எறிந்துவிடக்கூடும். வண்டி அழகு பெறும். அதன் வரலாறோ அழிந்துபோகும்.

தொல்கட்டடங்களைப் பேணுவதற்கென 1964-இல் வகுக்கப்பட்ட வெனிசுப் பட்டயம், ஒரு கட்டடத்திற்கு ஒவ்வொரு காலமும் அளித்த தகுதியான பங்கினை மதிக்க வேண்டும் என்கிறது. அதனை அடியொற்றிப் பழைய வாகனங்களுக்கென உலக அமைப்பொன்று 2012-இல் தூரின் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது. மொறிஸ் மைனரின் பிறப்பிலேயே இதற்கொரு சான்று உண்டு. மாதிரி வண்டி ஒடுக்கமாய்த் தோன்றவே, இசிகோனிஸ் அதனை நீளவாக்கில் இரண்டாய் அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, இடையே ஒரு துண்டு வைத்துப் பொருத்தினர். ஆரம்பகால வண்டிகளில் அவ்வொட்டு இன்றும் காணப்படும். ஒட்டுப்போட்டதே அங்கு அசல் நிலை!

எனவே, தடுப்புக் கருவியும் சுக்கானும் எரிபொருட் குழாய்களும் பாதுகாப்பாயிருத்தல் முதற்கடமை. அதன் பொருட்டுக் கழற்ற வேண்டியதைக் கழற்றலாம், எறிதல் ஆகாது. கழற்றுமுன் படம் பிடித்து, பெயரும் பயனும் எழுதி, வண்டியோடு வைத்தல் வேண்டும். அதனை ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் கூறுவதைப் பதிந்துகொள்ளுதலும் வேண்டும்.

2009-இல் முள்ளிவாய்க்காற் பகுதியில் எண்ணற்ற வாகனங்கள் எரிந்தும் கைவிடப்பட்டும் அழிந்தன. எஞ்சியவை சிலவே. அவற்றின் பளபளப்பை எவரும் மீண்டும் பூசிவிடலாம். மண்ணெண்ணெய் மணக்கும் ஒரு சிறு குழாயை இழந்துவிட்டால், அதனை எத்தொழிற்சாலையும் மீளச் செய்து தராது.