வீட்டு மருத்துவமும் வாசலுக்கு வந்தவர்களும்

பலமனேர் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் உள்ள மேட்டு நிலத்து ஊர். நீலகிரி மலைவாசத் தலமாவதற்கு முன், சமவெளியின் வெப்பம் தாங்காத ஐரோப்பியர் உடல்நலம் தேடி இங்கு வந்து தங்கினர் என்று ஆங்கிலேயர் காலத்து அரசுப் பதிவுகள் கூறுகின்றன. நோயுற்றவரை ஊரைவிட்டுக் குளிர்ந்த மேட்டுக்கு அனுப்பும் அந்த வழக்கம், பிற்காலத்தில் இதே மேட்டு நிலத்தில் ஒரு பெரிய நிறுவனமாக உருப்பெற்றது.

பலமனேரிலிருந்து புங்கனூர் வழியே வடக்கே சென்றால் மதனப்பள்ளி. அதன் அருகில், பல கிறித்தவ மிஷன்களின் கூட்டு முயற்சியால் 1915இல் காசநோய் சானடோரியம் அமைந்தது. அதனை உருவாக்கி நடத்தியவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமொட்-மொல்லர். அவ்விடத்தின் பெயர் ஆரோக்கியவரம். பீமவரம், அன்னவரம் போன்ற தெலுங்கு ஊர்ப்பெயர்களின் ஈறே இது எனினும், தமிழ்ச் செவிக்கு அது 'வரம்' என்றே ஒலிக்கும்.

அந்த வரத்திற்கு விலை இருந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படும்வரை காசநோய்க்கு உறுதியான மருந்து இல்லை. ஓய்வும் காற்றும் உணவுமே சிகிச்சை. அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதினர் கூலியையும் பிள்ளைகளையும் விட்டு நெடுநாள் படுத்திருக்க நேர்ந்தது. மீண்டு வந்தவரைத் தெரு எப்படி ஏற்றது என்பது வேறொரு துயரம். நோயாளியின் தனிமை மருத்துவத்தின் தவிர்க்க இயலாத பகுதியாகவே கருதப்பட்டது.

இக்கருத்தைச் சோதித்த ஆய்வு சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலும் ஓராண்டு அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகின் காசநோய் மருத்துவத்தையே திருப்பியது. சானடோரியத்தில் பலன் சற்றுக் கூடுதல்தான். ஆனால் நல்லுணவும் ஓய்வும் இருந்தும் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தினருக்குத் தொற்று மிகுந்ததாகவும் தெரியவில்லை. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் மருந்தின் வெற்றியோடு நிறுத்திவிடுகின்றனர். ஆய்வின் நடைமுறையையும் நோக்க வேண்டும். வீட்டு நோயாளிகள் தனியே விடப்படவில்லை. மருந்து வாங்க அவர்கள் ஒழுங்காக மையத்திற்கு வந்தனர், சுகாதாரப் பார்வையாளர்கள், சில வேளை முன்னறிவிப்பின்றியும், வீடு தேடிச் சென்றனர், எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். அது கண்காணிப்பே. ஆயினும் நீண்ட நோயில் கிடக்கும் ஒருவருக்கு, தம் நலத்தைக் கேட்க ஒருவர் வாசலுக்கு வருகிறார் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது.

இன்று நடுவயதினரின் நீண்டகால நோய்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும். இவற்றுக்குச் சானடோரியம் இல்லை. எல்லாம் வீட்டு மருத்துவமே. ஆனால் 1956இன் ஏற்பாட்டில் மாத்திரையை எடுத்துக்கொண்டோம். வாசலுக்கு வந்தவரைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். பிள்ளைகள் பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்றுவிட்ட வீட்டில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தாமே சமைத்து, தாமே ஊசி போட்டுக்கொண்டு, அளவு ஏறியதா இறங்கியதா என்று சொல்ல ஆளின்றி இருப்பது பலமனேர் போன்ற சிற்றூர்களில் அரிய காட்சியன்று. அன்று நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தோம். இன்று வீட்டிலேயே வைத்துப் பிரித்திருக்கிறோம்.

சென்னை ஆய்வு நிறுவியது, நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை. அங்கு அவரைத் தனியே விட்டுவிடலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.