மாதிரித் தொடர்வண்டி அமைப்பு

மாதிரித் தொடர்வண்டி அமைப்பு என்பது உண்மையான இருப்புப்பாதை, வண்டிகள், நிலையங்கள், சுற்றுப்புறம் ஆகியவற்றை ஒரே அளவுவிகிதத்தில் சுருக்கிப் பலகை மீது நிறுவி, மின்சாரத்தால் வண்டிகளை இயக்கும் பொழுதுபோக்குக் கலை ஆகும். விளையாட்டு இரயிலிலிருந்து இதனை வேறுபடுத்துவது அளவுவிகிதம். விளையாட்டு இரயில் ஓடினால் போதும். மாதிரி வண்டியோ தன் மூல வண்டியைப் போன்ற தோற்றமும் வேகமும் கொண்டு ஓட வேண்டும்.

செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் குறிப்பிட்ட அகலங்களைக் கொண்ட, ஒன்றோடொன்று பொருந்தும் தண்டவாளத் துண்டுகளை அறிமுகப்படுத்தியதை இக்கலையின் தொடக்கமாகக் கொள்வர். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்பதிலேயே கவனம் செலுத்துகின்றனர். ஆனால் பாதியில் கைவிடப்படும் அமைப்புகளில் பழுது இயந்திரத்தில் இருப்பது அரிது. தண்டவாளமும் அதற்கு மின்சாரம் செல்லும் வழியுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இக்கட்டுரை அவ்விரண்டையும் கொங்கு நாட்டின் மேட்டுப்பாளையம் நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

அளவுவிகிதமும் பாதை அகலமும்

உலகில் மிகுதியாகப் பயன்படும் அளவுவிகிதம் எச்ஓ ஆகும். இதில் எல்லாம் 1:87 என்ற அளவில் சுருக்கப்படுகின்றன. அடுத்தது என் எனப்படும் 1:160 ஆகும். 1435 மிமீ அகலமுள்ள பன்னாட்டுச் செந்தரப் பாதை எச்ஓவில் 16.5 மிமீ ஆகவும், என் அளவில் 9 மிமீ ஆகவும் அமையும்.

இந்தியப் பாதைகளை மாதிரியாக்குவோருக்கு இங்கேயே முதற்சிக்கல் எழுகிறது. இந்திய அகலப் பாதையின் அகலம் 1676 மிமீ. இதனை 87ஆல் வகுத்தால் 19.3 மிமீ வரும். ஆனால் கடைகளில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மிமீ மட்டுமே. ஆகவே இந்திய வண்டிகளைச் செய்வோரில் பலர் வண்டியை 1:87 அளவிலும் பாதையை 16.5 மிமீ அகலத்திலும் அமைத்துச் சமரசம் செய்துகொள்கின்றனர். முன்னிருந்து பார்த்தால் சக்கரங்கள் சற்று உள்ளடங்கியதாகத் தோன்றும். பக்கவாட்டில் பார்க்கும்போது வேறுபாடு தெரிவதில்லை.

மீட்டர் பாதைக்கு இச்சிக்கல் சிறிதளவே உண்டு. 1000 மிமீ அகலத்தை 87ஆல் வகுத்தால் 11.5 மிமீ. எச்ஓஎம் எனப்படும் தண்டவாளத்தின் அகலம் 12 மிமீ. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகள் பலவும் மீட்டர் பாதைகளே என்பதால், அவற்றுக்காகப் பெமோ போன்ற நிறுவனங்கள் செய்யும் தண்டவாளங்கள் நீலகிரிக்கும் பொருந்துகின்றன. நீலகிரி மலை இரயில் பாதையில் உள்ள ஆப்டு வகைப் பற்சட்டமும் அந்நாட்டில் வழக்கிலுள்ளதே. நீலகிரியின் எக்ஸ் வகை நீராவி இயந்திரங்களும் முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்தே வந்தன.

எடுத்துக்காட்டு: மேட்டுப்பாளையம்

மேட்டுப்பாளையம் வரையிலான அகலப் பாதை 1873இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து குன்னூர் வரை மலைப்பாதை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் இயங்கத் தொடங்கின. சுமார் 46 கிமீ நீளமுள்ள இம்மலைப்பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. சென்னையிலிருந்து நீலகிரி விரைவுவண்டியில் வரும் பயணிகள் காலையில் இங்கு இறங்கி மலை வண்டிக்கு மாறுகின்றனர்.

தொடக்கநிலையினருக்கு இந்நிலையம் மிகவும் ஏற்றது. காரணம் அழகு மட்டுமன்று. இரண்டு பாதைகளின் அகலமும் வேறு வேறு என்பதால் அவை எங்கும் ஒன்றோடொன்று இணைவதில்லை. மின்சாரக் கண்ணோட்டத்தில் இவை இரண்டு தனித்தனிச் சுற்றுகள். எனவே இரண்டு எளிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் கொண்டே ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளைத் தனித்தனியே இயக்கலாம். இரண்டுமே முனைய நிலையங்கள் என்பதால் வண்டியைத் திருப்பும் வளையமும் தேவையில்லை. அத்தகைய வளையத்தில் இடத் தண்டவாளம் சுற்றி வந்து வலத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படும். அறியாமல் வளையம் போட்டுவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது என்று கருதுவோர் பலர்.

8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 8 அடிக்கு 2 அடி, அதாவது 244 செமீக்கு 61 செமீ அளவில் ஒரு தளம் கிடைக்கும். பெரம்பூர் ஐசிஎஃப் வகைப் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். எச்ஓவில் இது 24.5 செமீ. நான்கு பெட்டிகளும் ஓர் இயந்திரமும் சேர்ந்தால் 1.2 மீட்டர் ஆகும். இயந்திரம் கழன்று பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்கு வருவதற்கும் இடம் எஞ்சும். இருபது பெட்டிகள் கொண்ட முழு வண்டியைச் செய்ய முனைந்தால் பெட்டிகள் மட்டுமே 4.9 மீட்டர் நீளும். வீட்டுக் கூடம் போதாது.

கல்லாறுக்கு மேல் பற்சட்டப் பாதை ஏறத்தாழ 12க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. இதனை இரண்டாவது பலகையில் அமைப்பது நலம். ஒரு மீட்டர் நீளத்தில் 8 செமீ உயரம் கிடைக்கும். பற்சட்டம் இல்லாத மாதிரிப் பாதையில் 3 விழுக்காட்டுச் சரிவே பொதுவாகப் பாதுகாப்பானது. அங்கு இதே உயரத்தை எட்ட 2.7 மீட்டர் தேவைப்படும். மலைப்பாதையின் கடுமையான வளைவுகளின் ஆரம் ஏறத்தாழ 100 மீட்டர். 1:87 அளவில் அதுவே 1.15 மீட்டர் ஆகிவிடுவதால், வளைவுகளைப் பலரும் இதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்கின்றனர். மலையேறும்போது இயந்திரம் கீழ்ப்புறமிருந்து பெட்டிகளைத் தள்ளிச் செல்வதே நீலகிரியின் வழக்கம். மாதிரியிலும் அவ்வாறே செய்ய வேண்டும். கொக்கி கழன்றாலும் பெட்டிகள் கீழே உருண்டோடாமல் இயந்திரம் தாங்கிக்கொள்ளும்.

தண்டவாளமும் மின்னிணைப்பும்

இருதண்டவாள முறையில் ஒரு தண்டவாளம் நேர்முனையாகவும் மற்றது எதிர்முனையாகவும் செயற்படுகிறது. சக்கரங்கள் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்கு அளிக்கின்றன. ஆகவே தண்டவாளம் வண்டி ஓடும் பாதையாக மட்டுமன்றி மின்கம்பியாகவும் இருக்கிறது. ஆனால் அது நல்ல மின்கம்பி அன்று.

இன்று பெரும்பாலான தண்டவாளங்கள் நிக்கல் வெள்ளியால் ஆனவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் இது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த உலோகக்கலவையே. எஃகைப் போலத் துருப்பிடிக்காது, பித்தளையைப் போல விரைவில் கறுக்காது. எனினும் இதன் மின்தடைத்திறன் செம்பினதைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். தண்டவாளத்தின் குறுக்குவெட்டு 2 சதுர மிமீ எனக் கொண்டால் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.15 ஓம் தடை இருக்கும். 4 மீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்பும் 8 மீட்டரில் தடை 1.2 ஓம். ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தில் 1.2 வோல்ட்டு இழப்பு. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 1.5 சதுர மிமீ செம்புக் கம்பியிலோ அதே 8 மீட்டருக்கு இழப்பு 0.1 வோல்ட்டு மட்டுமே.

இக்கணக்கில் தண்டவாள இணைப்பிகள் சேர்க்கப்படவில்லை. இரண்டு துண்டுகளை இணைக்கும் இச்சிறு தகடுகள் புதிதாக இருக்கும்போது நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும். ஆறு மாதங்களில் அவற்றினுள் ஆக்சைடு படிந்துவிடும். வண்டி தொலைமுனைக்குச் செல்லச் செல்ல மெதுவாவதும், ஒரே இடத்தில் நாள்தோறும் நின்றுபோவதும் இதனாலேயே.

இதற்குத் தீர்வு எளியது. பலகையின் அடிப்புறத்தில் சிவப்பு, கறுப்பு என இரண்டு 1.5 சதுர மிமீ கம்பிகளை நீளத்துக்கும் இழுத்துவிட வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, துளை வழியே கீழிறக்கி, முதன்மைக் கம்பியுடன் இணைக்க வேண்டும். இணைப்பி வண்டி தடம்புரளாமல் நேர்ப்படுத்த மட்டுமே. மின்சாரத்தைக் கடத்துவது அதன் வேலையன்று என்று கருதிக்கொண்டால் குழப்பம் வராது. எல்லா இணைப்பிகளையும் பற்றவைத்துவிடுவதும் தவறு. தகரக் கூரை அறையில் கோடைவெயிலில் தண்டவாளம் நீளும். ஒரு மீட்டர் துண்டு 20 பாகை வெப்ப உயர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மிமீ நீளும். ஒரு முகவரி அட்டையின் கனத்துக்கு இடைவெளி விட்டால் போதும்.

பாயிண்ட் எனப்படும் பாதை பிரியும் இடம் தனிக்கவனம் வேண்டுவது. அதன் நடுவில் இரு தண்டவாளங்கள் கூடும் கூர்முனையை ஃபிராக் என்பர். மலிவான வகையில் இது பிளாஸ்டிக்கால் ஆனது. சக்கரங்கள் நெருக்கமாக அமைந்த சிறு இயந்திரங்கள் அங்கு மின்சாரம் இழந்து நின்றுவிடும். உலோக ஃபிராக் கொண்ட வகையில் இக்குறை இல்லை. ஆனால் பாயிண்ட் திரும்பும் பக்கத்துக்கேற்ப அதன் முனை மாற வேண்டும். எனவே மின்சாரத்தைக் கூர்நாக்குப் பக்கத்திலிருந்து கொடுத்து, ஃபிராக்கிலிருந்து வெளியேறும் இரு உள்தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பியிட்டுத் துண்டிக்க வேண்டும்.

கோவைப் பகுதியில் தூசி ஒரு தனிச்சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக்காற்றில் மூடிய அறையிலும் மெல்லிய மண் படியும். திருப்பூரில் பின்னலாடைக் கூடங்களை அடுத்த வீடுகளில் பஞ்சிழைகள் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு பற்சக்கரங்களை இறுக்கிவிடும். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் ஏற்படும் கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகத் தங்கும். பயன்படுத்தாதபோது பழைய வேட்டி ஒன்றால் மூடிவைப்பதே சிறந்த பராமரிப்பு.

வேகக் கட்டுப்பாடு

பெரும்பாலான எச்ஓ, என் வண்டிகளின் மோட்டார்கள் 12 வோல்ட்டு நேர்திசை மின்னோட்டத்தில் இயங்குகின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் வண்டி எதிர்த்திசையில் செல்லும். ஓர் எச்ஓ இயந்திரத்துக்கு அரை ஆம்பியர் அளவே தேவைப்படும்.

எல்எம்317 என்னும் மின்னழுத்தச் சீராக்கி ஒன்று, மாறுமின்தடை ஒன்று, திசைமாற்றும் இருமுனை நிலைமாற்றி ஒன்று ஆகியவற்றைக் கொண்டு நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். இச்சீராக்கியின் குறைந்த வெளியீடு 1.25 வோல்ட்டு. வண்டி அதில் நகராது என்பதால் குறையில்லை. உள்ளீடு 15 வோல்ட்டாகவும் வெளியீடு 6 வோல்ட்டாகவும் இருந்து அரை ஆம்பியர் ஓடினால், எஞ்சிய 9 வோல்ட்டும் 4.5 வாட்டு வெப்பமாக மாறும். ஆகவே அலுமினிய வெப்பத்தணிப்பான் கட்டாயம் தேவை. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது இதன் சிறப்பு.

துடிப்பகலப் பண்பேற்ற முறையில் முழு மின்னழுத்தமும் துண்டுதுண்டாகத் தரப்படுகிறது. வண்டி மிக மெதுவாக ஊர்ந்து செல்ல இம்முறை ஏற்றது. ஆனால் உள்ளகம் இல்லாத மோட்டார்கள் குறைந்த அதிர்வெண் துடிப்புகளில் சூடாகிவிடும்.

230 வோல்ட்டு மின்சாரத்தைப் பலகைக்குக் கீழே கொண்டுசெல்லவே கூடாது. மின்மாற்றியைத் தானே இணைப்பதைவிடத் தரமுத்திரை பெற்ற 15 வோல்ட்டு அடாப்டரை வாங்குவதே தொடக்கநிலையினருக்குப் பாதுகாப்பு.

மின்வெட்டு நேரத்தில் 12 வோல்ட்டு மின்கலத்தால் வண்டியை ஓட்டலாம். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் நிலவிய கடும் மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். சீராக்கியின் இழப்பு போக 10 வோல்ட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். நிலைய வேகத்துக்கு அது போதும். ஆனால் ஈய-அமில மின்கலத்துக்கு மின்னோட்ட வரம்பு கிடையாது. கம்பிகள் உரசினால் தீப்பிடிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். மின்கல முனையை ஒட்டியே 1 ஆம்பியர் உருகி பொருத்த வேண்டும்.

எண்முறைக் கட்டளைக் கட்டுப்பாடு

ஒரே பாதையில் பல வண்டிகளைத் தனித்தனியே இயக்க டிசிசி எனப்படும் எண்முறை பயன்படுகிறது. செருமனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில்பாதைச் சங்கம் இதனைச் செந்தரமாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் 15 வோல்ட்டு அளவிலான, முனை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் உள்ளது. முனை மாறும் கால அளவே செய்தியாகிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது 1; 100 மைக்ரோவினாடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் 0.

ஒவ்வொரு பொதியிலும் வண்டியின் முகவரி, கட்டளை, பிழைசரிபார்ப்பு எண் ஆகியவை அடங்கும். எடுத்துக்காட்டாக, புதிய இயந்திரத்தின் வழக்கமான முகவரி 3, அதாவது 00000011. முன்செல்லும் கட்டளை 01100110 எனில், இரண்டையும் எக்ஸ்ஆர் செய்து கிடைக்கும் 01100101 மூன்றாவதாகச் செல்லும். இது பொருந்தாத பொதியை வண்டியிலுள்ள குறிவிலக்கி புறக்கணித்துவிடும். தண்டவாளம் அழுக்காக இருந்தால் பொதிகள் சிதையும். ஆகவே டிசிசி வாங்கினால் மின்னிணைப்பைப் பற்றிக் கவலை வேண்டா என்பது தவறான கருத்து. ஆர்டுயினோ பலகையில் இயங்கும் டிசிசி-இஎக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளால் குறைந்த செலவில் கட்டளை நிலையம் அமைக்கலாம்.

5 ஆம்பியர், 15 வோல்ட்டு என்பது 75 வாட்டு. வண்டி தடம்புரண்டு குறுக்குச்சுற்றானால் சக்கரத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகப் போதுமான ஆற்றல் இது. ஒரு ரூபாய் நாணயத்தைப் பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் இரு தண்டவாளங்களுக்குக் குறுக்கே வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாத இடத்தில் இணைப்புக் கம்பிகள் போதவில்லை.

இந்தியாவில்

புனேயில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு இரயில்பாதை அருங்காட்சியகத்தில் இயங்கும் பெரிய அமைப்பொன்றைக் காணலாம். உண்மையான மலைப்பாதையின் பொருள்களைப் பார்த்து அளவறிய விரும்புவோருக்கு மேட்டுப்பாளையம் நிலைய வளாகத்திலுள்ள அருங்காட்சியகம் பயன்படும்.

இறக்குமதி வரியே இங்கு பெருந்தடை. சுருக்கப்பட்ட அளவு மாதிரிகளும் பொம்மைகளுக்குரிய 9503 என்ற சுங்கத் தலைப்பின் கீழேயே வருகின்றன. இதற்கான அடிப்படை வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. கைப்பணத்தைச் சேர்த்து வாங்கும் மாணவருக்கு இது எளிதன்று. எனினும் இயந்திரம், தண்டவாளம், பாயிண்ட் தவிர்த்த மற்றவை உள்ளூரிலேயே கிடைக்கும். பலகையும் கம்பியும் எந்த ஊரிலும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியின் உறுப்புகள் கோவை மின்னணுக் கடைகளில் கிடைக்கும். அலுமினியத் தகட்டை லேத் பட்டறைகளில் அறுத்துத் துளையிட்டுத் தருவர். நிலையக் கட்டடத்தை அட்டையிலும், மலையைப் பழைய செய்தித்தாள் கூழிலும் செய்யலாம்.