உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பயண உணவுமுறை

உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பயண உணவுமுறை என்பது, உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், வெளியூர்ப் பயணங்களின்போதும் விடுமுறைக் காலத்திலும் உணவையும் நீரையும் உட்கொள்வதில் கடைப்பிடிக்கும் ஒழுங்குமுறை ஆகும். பயணத்தில் எடை கூடிவிடுமோ என்பதே இவர்களில் பலரது கவலையாக உள்ளது. ஆயினும் சில நாட்களே நீடிக்கும் ஒரு பயணத்தில் உடனடித் தீங்கு விளைவிக்கக் கூடியது நீரிழப்பே ஆகும். சுருங்கிய இரைப்பையை உடையவர், விட்டுப்போன நீரை ஒரே மடக்கில் குடித்து ஈடுசெய்ய இயலாது. இதுவே இவ்வுணவுமுறையின் அடிப்படை எனலாம்.

இக்கட்டுரையில் தரப்படுபவை பொதுவான விவரங்கள் ஆகும். அறுவையின் வகை, அறுவைக்குப் பின் கடந்த காலம், உடனிருக்கும் நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து இவை ஆளுக்கு ஆள் மாறுபடும்.

அறுவையின் வகைகளும் விளைவுகளும்

எடைக் குறைப்புக்கெனச் செய்யப்பட்ட தொடக்ககால அறுவைகளுள், 1954 ஆம் ஆண்டில் கிரெமன், லின்னர் ஆகியோர் விவரித்த சிறுகுடல் மாற்றுவழி அறுவை குறிப்பிடத்தக்கது. 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவையை உருவாக்கினார். தற்போது உலக அளவில் மிகுதியாகச் செய்யப்படுவது இரைப்பைக் குழலாக்க அறுவை ஆகும்.

- இரைப்பைக் குழலாக்க அறுவை: இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வரை வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சிய பகுதி வாழைக்காய் வடிவில் ஒரு குழல் போல் அமைகிறது. தொடக்கத்தில் இதன் கொள்ளளவு 100 முதல் 150 மி.லீ. வரை இருக்கும்.
- இரைப்பை மாற்றுவழி அறுவை: இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மி.லீ. கொள்ளும் சிறிய பை ஒன்று அமைக்கப்பட்டு, அது சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் கடக்காமலேயே செல்கிறது.

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. குழலாக்க அறுவையில் அப்பகுதி நீக்கப்படுவதால் பசி குறைகிறது. பசி உணர்வு உணவு நேரத்தை நினைவூட்டாது என்பதால், பயணத்தில் கடிகாரத்தைப் பார்த்தே உண்ண வேண்டியவர்களாக இவர்கள் உள்ளனர்.

அறுவைக்குப் பின் நீர்மம், கூழ், மென்மையான உணவு, வழக்கமான உணவு என்று படிப்படியாக உணவு மாற்றப்படுகிறது. இப்படிநிலைகள் முடியும் வரை, அதாவது முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை, நெடும்பயணங்கள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பதால் கால் நாளங்களில் குருதி உறையும் வாய்ப்பும் இக்காலத்தில் மிகுதி ஆகும்.

நீர் அருந்தும் முறை

நாளொன்றுக்குக் குறைந்தது 1.5 லீட்டர் நீர்மம் அருந்துமாறு அறிவுறுத்தப்படுகிறது. உண்ணும்போதும், உண்டபின் 30 நிமிடங்கள் வரையும் நீர் அருந்துவது தவிர்க்கப்படுகிறது. சிறிய இரைப்பையில் உணவும் நீரும் ஒருங்கே சேர்ந்தால் வலி, குமட்டல் ஆகியன தோன்றுவதுடன், உண்ட உணவு விரைவாகக் குடலுக்குள் தள்ளப்படுவதும் உண்டு.

இதனை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். விழித்திருக்கும் நேரம் 14 மணி எனக் கொள்வோம். மூன்று வேளை உணவுக்கும், அதனை அடுத்த இடைவெளிக்கும் 3 மணி நேரம் கழிகிறது. எஞ்சிய 11 மணி நேரத்தில் 1.5 லீட்டர் அருந்த வேண்டுமெனில் மணிக்கு ஏறத்தாழ 140 மி.லீ., அதாவது கால்மணி நேரத்துக்கு 35 மி.லீ. தேவைப்படும். இது இரண்டு அல்லது மூன்று மிடறு ஆகும்.

வழியில் கழிப்பிடம் இருக்காது எனக் கருதி, பேருந்துப் பயணத்தின்போது நீர் அருந்தாமல் இருப்பது வழக்கமாக, சிறப்பாகப் பெண்களிடையே, காணப்படுகிறது. அவ்வாறு மூன்று மணி நேரம் கழித்தால் 400 மி.லீ. க்கு மேல் விட்டுப்போகிறது. அறுவை செய்யாத ஒருவர் இறங்கியவுடன் இரண்டு குவளை நீர் பருகி இதனைச் சரிசெய்துவிடுவார். அறுவை செய்தவருக்கு இதற்கு மேலும் மூன்று மணி நேரம் தேவைப்படும். எனவே கழிப்பிட வசதியுள்ள நிறுத்தங்களை முன்கூட்டியே அறிந்து வைத்தலும், கூடுமானவரை தொடருந்தைத் தேர்ந்தெடுத்தலும் பயன் தரும்.

உணவின் வரிசையும் புரத அளவும்

இவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவைப்படுகிறது. இரைப்பை சில கவளங்களிலேயே நிறைந்துவிடும் என்பதால், முதலில் புரதம், அடுத்து காய்கறி, இறுதியில் சோறு அல்லது பலகாரம் என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. பயணத்தில் எளிதில் கிடைக்கும் உணவுகளில் உள்ள புரதத்தின் தோராய அளவு வருமாறு:

- கோழி முட்டை ஒன்று: 6 கிராம்
- பால் 200 மி.லீ.: 6 முதல் 7 கிராம்
- தயிர் 100 கிராம்: 3 முதல் 4 கிராம்
- சமைத்த மீன் 100 கிராம்: 20 கிராம்
- பனீர் 100 கிராம்: 18 கிராம்
- வேகவைத்த சிறுபயறு அல்லது கொண்டைக்கடலை 100 கிராம்: 7 முதல் 9 கிராம்
- சோறு 100 கிராம்: 2 முதல் 3 கிராம்

இரண்டு முட்டை, 400 மி.லீ. பால், 100 கிராம் மீன், 100 கிராம் சுண்டல், 200 கிராம் தயிர் ஆகியவற்றை நாள் முழுவதும் பகிர்ந்து உண்டால் 60 கிராம் கிடைத்துவிடும். சோற்றை முதலில் உண்பவருக்கு இவற்றிற்கு இடம் இராது.

டம்பிங் சின்ட்ரோம்

சர்க்கரை மிகுந்த உணவோ பானமோ இரைப்பையில் தங்காமல் சிறுகுடலை விரைந்து அடைவதால் ஏற்படும் அறிகுறிகள் டம்பிங் சின்ட்ரோம் எனப்படுகின்றன. இது மாற்றுவழி அறுவை செய்தவர்களிடம் மிகுதியாகவும், குழலாக்க அறுவை செய்தவர்களிடம் ஓரளவும் காணப்படுகிறது.

உண்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் தோன்றுவது முன்வகை. இதில் வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு, படபடப்பு, வியர்வை ஆகியன ஏற்படும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துத் தோன்றுவது பின்வகை. இதில் இன்சுலின் மிகையாகச் சுரந்து குருதிச் சர்க்கரை தாழ்வதால் நடுக்கமும் மயக்கமும் ஏற்படும். காலையில் பருகிய இனிப்புப் பானம் நண்பகலில் வாகனம் ஓட்டுபவரை மயக்கமுறச் செய்யலாம் என்பதால் பயணத்தில் பின்வகை அதிக கவனத்துக்குரியது.

எடுத்துக்காட்டு: ஆரல்வாய்மொழி வழியாகக் குமரிப் பயணம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை வட்டத்தில் உள்ள பேரூராட்சியான ஆரல்வாய்மொழி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அமைந்த கணவாய்ப் பகுதி ஆகும். திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் செல்லும் சாலையும் தொடருந்துப் பாதையும் இதன் வழியே செல்கின்றன. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயிலாக இவ்வூர் விளங்குகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாயின் ஊடாகக் குவிந்து விரைந்து வீசுகிறது. இதனாலேயே அருகிலுள்ள முப்பந்தல் பகுதியில் பெருமளவில் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. இவற்றைக் காண்பதற்காக வாகனத்தை நிறுத்தும் பயணிகள் பலர். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடல் நீரை இழப்பது தெரிவதில்லை, வெப்பமும் உறைப்பதில்லை. சென்னையில் இருந்து இரவுத் தொடருந்தில் எட்டு மணி நேரம் நீரின்றி உறங்கி வந்தவர், காலையில் இக்காற்றில் நிற்கும்போது ஏற்கெனவே நீர்க் குறைவுடன் இருப்பார். ஆகவே விழித்தவுடன் முதல் ஒரு மணி நேரத்தை நீர் அருந்துவதற்கே ஒதுக்கி, அதன்பின் காலை உணவு கொள்ளுதல் நன்று.

இப்பகுதியில் கிடைக்கும் பானங்களும் உணவுகளும் பின்வருமாறு பொருந்துகின்றன.

- இளநீர்: இதில் சர்க்கரை குறைவு, பொட்டாசியம் மிகுதி. சிறிது சிறிதாகப் பருகலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களும் பொட்டாசியத்தை உயர்த்தும் இரத்த அழுத்த மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அருந்த வேண்டும்.
- பதநீர்: கோடையில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரப்படுவது. 100 மி.லீ. பதநீரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் ஒரு பட்டை பதநீர் டம்பிங் அறிகுறிகளைத் தோற்றுவிக்கக் கூடும்.
- கருப்பட்டிக் காப்பி: கருப்பட்டி உடலுக்குத் தீங்கற்றது என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. எனினும் அதுவும் பெரும்பகுதி சர்க்கரையே ஆகும். இனிப்பில்லாத சுக்கு நீர் ஏற்றது.
- நுங்கு: மென்மையானது, நீர்ச்சத்து மிக்கது. இளம் நுங்கைத் தோல் நீக்கி மென்று உண்ணலாம்.
- பனங்கிழங்கு, பலாச்சுளை: நார் மிகுந்தவை. சரியாக மெல்லாமல் விழுங்கப்படும் நார், சுருங்கிய இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு அடைப்பை உண்டாக்கலாம்.
- புட்டும் பயறும்: புட்டு உலர்ந்தது, தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்வது போன்ற வலியைத் தரலாம். முதலில் பயற்றை உண்டு, பின்னர் அதன் குழம்புடன் குழைத்த புட்டு சிறிது கொள்ளலாம்.
- மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும்: கிழங்கில் பெரும்பகுதி மாவுச்சத்தே. குழம்பில் உள்ள சாளை, அயிலை முதலிய மீன்களே புரதம் தருவன.
- மட்டிப் பழம்: 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற, கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறிய வாழை வகை. பாதிப் பழம் ஒரு வேளைக்குப் போதுமானது.
- நேந்திரங்காய் வறுவல்: கொழுப்பும் மாவும் மிக்கது. மொறுமொறுப்பாகக் கரைந்துவிடும் தின்பண்டங்கள் இரைப்பை நிறைந்த உணர்வைத் தருவதில்லை என்பதால் அளவு மீறுவது எளிது.

விருந்துகளில்

நாஞ்சில் நாட்டு விருந்தில் அவியல், எரிசேரி, ஓலன் முதலிய தொடுகறிகள் இலையில் இட்டபின் சோறும் பருப்பும், அடுத்துச் சாம்பார், புளிசேரி, ரசம் ஆகியனவும், பாயசங்களும் பரிமாறப்படுகின்றன. இலையில் மிச்சம் வைப்பது விருந்தளிப்பவரை அவமதிப்பதாகக் கருதப்படும் சூழலில், அறுவை செய்தவர் முகத்துக்காக இரண்டு கவளம் கூடுதலாக உண்டு, பின் வாந்தி எடுக்க நேர்கிறது. இரண்டு கவளம் என்பது பிறருக்குப் பொருட்டல்ல. இவருக்கோ அது இரைப்பையின் கணிசமான பகுதி ஆகும்.

இதனைத் தவிர்க்க, உணவுக்கு அமருமுன்னரே வீட்டாரில் ஒருவரிடம் செய்தியைச் சொல்லிவைத்தல், சிறிய இலை கேட்டல், சோற்றுக்கு முன் பருப்பையும் அவியலையும் உண்ணுதல், பாயசத்தை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுதல் ஆகியன கைக்கொள்ளப்படுகின்றன. அறுவை செய்துகொண்டதை வெளியிட விரும்பாதவர்கள், மருத்துவர் உணவைக் கட்டுப்படுத்தியுள்ளார் என்று மட்டும் கூறலாம். பந்தியில் ஒவ்வொரு கவளத்தையும் நன்கு மென்று 20 முதல் 30 நிமிடங்கள் எடுத்துக்கொள்வதற்கு, உடன் ஒருவர் பொறுமையாக அமர்ந்திருப்பது பேருதவியாகும்.

மதுவும் வளிமம் கலந்த பானங்களும்

இரைப்பை மாற்றுவழி அறுவைக்குப் பின் மது மிக விரைவாகக் குருதியில் கலந்து, முன்னைவிட உயர்ந்த அளவை எட்டுகிறது. முன்பு தாங்கிய அளவைக் கொண்டு மதிப்பிடுவது ஆபத்தானது. அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டு முதல் மதுச் சார்பு ஏற்படும் வாய்ப்புக் கூடுவது 2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கண்டறியப்பட்டது. சோடா முதலிய வளிமம் கலந்த பானங்கள் வயிற்று உப்புசத்தையும் வலியையும் தருவதால் தவிர்க்கப்படுகின்றன.

மருந்துகளும் உயிர்ச்சத்துகளும்

இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து பி12, டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியிருக்கும். விடுமுறையிலும் இவை நிறுத்தப்படுவதில்லை. இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி தேவை. தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது.

நடந்த களைப்பில் மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் முதலிய வலிநீக்கிகள், குறிப்பாக மாற்றுவழி அறுவை செய்தவர்களுக்கு, இணைப்புப் பகுதியில் புண்ணை உண்டாக்கக் கூடியவை. இவற்றிற்கு மாற்றாகப் பாராசித்தமோல் பயன்படுத்தப்படுகிறது. இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மருந்து எடுப்பவர்கள் பயணத்தில் ஒரு வேளை உணவைத் தவறவிடலாகாது. மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்வதும், இரண்டு நாட்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்வதும் நல்ல வழக்கங்களாகும்.

அபாய அறிகுறிகள்

இரைப்பை அமிலம் குறைவதால் அசுத்த நீர், உணவு ஆகியவற்றின் மூலம் தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலை மிடறு மிடறாக அருந்த வேண்டும். 2002 முதல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் கரைசலில் லீட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசு மட்டுமே உள்ளது. பின்வருவன தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனையை நாட வேண்டும்:

- நீரைக்கூட வயிற்றில் தக்கவைக்க இயலாத தொடர் வாந்தி
- சிறுநீர் குறைதல் அல்லது அடர்நிறமாதல், எழும்போது தலைச்சுற்றல்
- கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கறுத்த மலம்
- கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல்
- தடுமாறும் நடை, இரட்டைப் பார்வை, மனக்குழப்பம்

இறுதியாகக் கூறப்பட்டவை தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 குறைபாட்டின் அறிகுறிகளாகும். உடலில் தயமின் இருப்பு சில வாரங்களுக்கே போதுமானது. தொடர் வாந்தியில் அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. அந்நிலையில் தயமின் இன்றிக் குளுக்கோசு மட்டும் நாளத்தில் ஏற்றப்பட்டால் மூளைப் பாதிப்பு தீவிரமடையலாம். எனவே அறுவையின் பெயர், செய்த தேதி, மருந்துகள், அறுவை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றைப் பயணத்தில் உடன் வைத்திருத்தல் இன்றியமையாதது. நோயாளியால் பேச இயலாதபோதும் அது பேசும்.

குமரி மாவட்டத்தில் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ளது. தமிழ்நாடு முழுவதும் அவசர ஊர்திச் சேவையை 108 என்ற எண்ணில் அழைக்கலாம்.