ஒரே பெயருடைய இரண்டு கிளாஸ்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், இறைவனுக்கு அளக்க வேண்டிய நெல்லைக் குறிக்குமிடத்து, மரக்கால் இத்தனை என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், இராஜகேசரிக்குச் சமமான ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளப்பதென்று, அளவையின் பெயரோடு அதற்குப் பிரமாணமாய் நின்றது எது என்பதையும் சேர்த்தே பொறித்தார்கள். ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டு வழங்கிய தேசத்தில் அந்த எச்சரிக்கை அவசியமாயிருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய சாமையைச் சந்தவாசல் போன்ற அடிவாரத்து ஊர்களில் படியால் அளந்த காலத்திலும், 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் வந்து மெட்ரிக் முறை நிலைபெறும் வரையிலும், அந்த அவசியம் நீங்கவில்லை. பெயரால் மட்டும் ஒன்றின் அடையாளம் நிச்சயமாகாது என்னும் இதே விஷயத்தை ஜாவா என்ற கணினி மொழி எத்தனை சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டது என்பதை, அத்தகைய ஊர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று கணினித் தொழிலில் அமர்ந்திருக்கும் நம் இளைஞர்கள் சரித்திரமாகவே அறிந்திருப்பது நலம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

1996 ஜனவரியில் வெளிவந்த ஜாவாவின் முதற் பதிப்பு, தூரதேசத்துக் கணினிகளிலிருந்து பிரௌசருக்குள் வந்து ஓடும் ஆப்லெட்டுகளை உத்தேசித்து, நிரலின் கூறுகளாகிய கிளாஸ்களைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றும் பொறுப்பைக் கிளாஸ்லோடர் என்னும் தனி உறுப்பிடம் ஒப்படைத்தது. இரண்டு இடங்களிலிருந்து வந்த ஆப்லெட்டுகள் ஒரே பெயரில் கிளாஸ்களை வைத்திருந்தாலும் மோதிக்கொள்ளாதிருக்க, இடத்துக்கு ஒரு லோடர் என்ற ஏற்பாடு உகந்ததாகவே தோன்றிற்று. ஆனால் 1997இல், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த விஜய் சரஸ்வத், இரு லோடர்கள் ஒரே பெயரில் ஏற்றிய இரு வேறு கிளாஸ்களில் ஒன்றை மற்றொன்றாகப் பாவிக்கும்படி ஜாவாவை ஏமாற்றலாமென்றும், அதனால் அம்மொழி அளித்திருந்த வகைப் பாதுகாப்பு என்னும் உத்தரவாதமே தகர்ந்துபோகுமென்றும் உதாரணத்தோடு நிரூபித்தார். மறு ஆண்டில் ஷெங் லியாங்கும் கிலாட் பிராக்காவும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, ஒரு கிளாஸின் அடையாளமென்பது அதன் பெயரும் அதை வரையறுத்த லோடரும் சேர்ந்ததே என்ற கொள்கையின்மேல் நின்று, லோடர்கள் ஒன்றோடொன்று உறவாடும் இடத்தில் ஒரு பெயர் இரு பொருள் தராதபடி கட்டுப்பாடுகளை வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில், எந்த லோடரும் தன் மூத்த லோடரைக் கேட்ட பின்பே தான் தேடுவது என்ற சம்பிரதாயமும் ஏற்பட்டது.

அந்த நேர்வரிசை, 1999 மார்ச்சில் தோன்றிய ஓ.எஸ்.ஜி.ஐ. கூட்டமைப்பின் நோக்கத்துக்குப் போதவில்லை. வீடுகளில் வைக்கும் இணைப்புக் கருவிகளில், கருவியை நிறுத்தாமலே மென்பொருள் பகுதிகளைச் சேர்க்கவும் நீக்கவும் விரும்பிய அவர்கள், பண்டில் என்னும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி லோடரைக் கொடுத்து, கிளாஸ்களின் தொகுதியாகிய பேக்கேஜுகளில் எதைத் தருகிறது, எதை வேண்டுகிறது என்பதைப் பண்டிலின் மேனிஃபெஸ்ட் என்னும் விவரக்குறிப்பிலேயே அறிவிக்கச் செய்தார்கள். 2004 ஜூனில் எக்லிப்ஸ் 3.0 இம்முறையைத் தழுவிற்று. 2005இல் வந்த ஓ.எஸ்.ஜி.ஐ.யின் நான்காம் வெளியீடு ஒரே பேக்கேஜின் பல பதிப்புகள் ஒருங்கே வாழவும் இடமளித்தது.

2009இல் வந்த 4.2 வெளியீடு, ஓ.எஸ்.ஜி.ஐ. சட்டகத்தை வேறொரு பெரிய நிரலுக்குள் பதித்து ஓட்டுவதற்குப் பொதுவான முறையொன்றை வகுத்தது. பதிப்பது சுலபமாயிற்று; அடையாளக் குழப்பமோ அங்கேதான் முற்றிற்று. வெளி நிரல் ஓர் இன்டர்ஃபேஸைத் தன் லோடரால் ஏற்றியிருக்க, பிளகின் எழுதியவர் அதே இன்டர்ஃபேஸை நல்லெண்ணத்தோடு தம் பண்டிலுக்குள்ளும் கட்டி அனுப்ப, பண்டிலின் லோடர் அதை இரண்டாம் முறை வரையறுத்துவிடும். பிளகினின் பொருள் வெளி நிரலின் கையை அடைந்ததும், இன்ன பெயருடையதை அதே பெயருடையதாக மாற்ற இயலாது என்ற விபரீதமான பிழைச்செய்தி எழும். படிப்பவர் கண்ணுக்கு இரு பெயர்களிலும் ஓர் எழுத்துக்கூட வேறுபடாது. இதற்கு நேர்மாறாக, பண்டில் அந்த இன்டர்ஃபேஸைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமலும் வேண்டாமலும் இருந்தால், கிளாஸே கிடைக்கவில்லை என்ற முறையீடு எழும்; ஏனெனில் ஜாவாவின் ஆதாரப் பேக்கேஜுகளைத் தவிர வெளி நிரலின் உடைமை எதுவும் தானாக உள்ளே வருவதில்லை.

இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. பொதுவான பேக்கேஜைச் ‘சிஸ்டம் பேக்கேஜஸ் எக்ஸ்ட்ரா’ என்ற குறிப்பில் பதிப்பு எண்ணோடு சேர்த்துச் சட்டகமே வழங்கச் செய்து, பண்டிலிலுள்ள நகலை நீக்கி, அதை வேண்டுவதாக மேனிஃபெஸ்ட்டில் எழுதிவிட வேண்டும். ‘பூட் டெலிகேஷன்’ என்னும் குறுக்குவழி பலித்தாலும், அறிவிப்பையும் பதிப்பையும் பாராமல் எல்லாப் பண்டில்களையும் வெளியே அனுப்பிவிடுவதால், அதை நான் ஆதரிக்க மாட்டேன். சந்தேகம் எழுந்த இடத்தில், இரு கிளாஸ்களிடமும் அவற்றின் லோடர் எது என்று கேட்டு அச்சிட்டுப் பார்ப்பதே நெடுங்காலம் அத்தொழிலோர் கைக்கொண்ட உபாயம். அண்மைக் காலத்து ஜாவாப் பதிப்புகள்தாம், கிளாஸை மாற்ற இயலாதென்று சொல்லும் அந்தச் செய்தியிலேயே இரண்டு லோடர்களையும் குறிப்பிடலாயின.