வாவியின் இரு கரைகள்: படைத்தாக்குதலும் நீண்டகாலப் பாதுகாப்பும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை; மேற்கே வயலும் காடும் பரந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு மக்கள் இட்ட இப்பெயர்கள் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அரசியற் பொருள் பெற்றன. எழுவான்கரை நகரங்கள் அரச படையினரிடமும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடமும் இருந்த காலங்களில், வாவியே எல்லைக்கோடாயிற்று. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் வன்முறையைப் படைத்தாக்குதலால் மட்டும் ஒழிக்க இயலுமா என்னும் வினாவுக்கு இவ்வாவிக்கரை வரலாறு தரும் விடை ஆராயத்தக்கது.

1987 சனவரியில் விசேட அதிரடிப்படை கொக்கட்டிச்சோலையில் மேற்கொண்ட நடவடிக்கையில் இறால் பண்ணைத் தொழிலாளர் உட்படப் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். 1991 யூன் 12ஆம் நாள் அதே பகுதியில் குண்டுவெடிப்பில் இரு படையினர் இறந்ததைத் தொடர்ந்து, மகிழடித்தீவு மக்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் இருதரப்புச் சண்டையிடையே சிக்கி இறந்தோர் அல்லர் என்பதை அரசு நியமித்த ஆணைக்குழுவே ஏற்றுக்கொண்டது. மறுபுறம், 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றனர். இவற்றால் இரு கரைகளுக்கிடையே மட்டுமன்றி, ஒரே கரையில் வாழ்ந்த இரு சமூகங்களுக்கிடையேயும் எல்லை தோன்றியது.

கைப்பற்றிய நிலத்தை நிலைநிறுத்தலும் எளிதாயிருக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணப் போர்முனைக்குப் படையினர் மாற்றப்பட்டபோது, படுவான்கரை மீண்டும் புலிகள் வசமாயிற்று. 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தமை, படைத்தாக்குதல்கள் சாதிக்காத பலவீனத்தைப் புலிகளுக்கு விளைவித்தது. அதன் பின்னரே 2007 சனவரியில் வாகரையும் யூலை 11ஆம் நாள் குடும்பிமலையும் அரசின் வசமாயின. அப்போரில் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். எனினும் வாவி எல்லையாயிருந்த நிலை முடிவுற்றது. 2014இல் மண்முனைத் துறையிற் பாலம் அமைந்து இரு கரைகளையும் இணைத்தது. படைவலிமை பயனற்றது என்று கூறுதல் இவ்வகையிற் பொருந்தாது.

ஆயின் வெற்றிக்குப் பிந்திய பாதுகாப்புச் சிந்தனை பழைய எதிரியையே நோக்கியிருந்தது. 2018 நவம்பர் 30ஆம் நாள் படுவான்கரையின் வாயிலாகிய வவுணதீவில் இரு பொலிசார் கொல்லப்பட்டபோது, சந்தேகம் முன்னாள் போராளிகள் மீதே விழுந்தது, ஒருவர் கைதுசெய்யப்பட்டார். 2019 ஏப்பிரலின் பின் நடந்த விசாரணைகள் அக்கொலையைச் சஹ்ரானின் குழுவோடு தொடர்புபடுத்தின. அக்குழுவின் போக்கைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்னர் முறையிட்டிருந்தனர். இந்தியாவிலிருந்தும் 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் எச்சரிக்கை கிடைத்திருந்தது. இருந்தும் ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் சிறுவர் பலர் உட்பட முப்பதுபேரளவில் மாண்டனர்.

இவ்வழிவு படைக்குறைவால் நேர்ந்ததன்று. எல்லை கடந்து பரவிய தீவிரக் கொள்கையை முதலில் இனங்கண்டோர் அயலவர். அவர்தம் சொல்லுக்கு அரச நிறுவனங்களில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. மக்கள் அச்சமின்றி முறையிடவும், முறையீடு விசாரிக்கப்படவும், குற்றமற்றவர் இனத்தின் பேரால் சிறைப்படாதிருக்கவும் வழி செய்வதே நீண்டகாலப் பாதுகாப்பின் முதற்படியாகும். கொக்கட்டிச்சோலையிலும் காத்தான்குடியிலும் சிதைந்த நம்பிக்கையை மீளக் கட்டாதவரை, எத்தனை காவலரண்கள் அமைப்பினும் வாவியின் இரு கரைகளும் பாதுகாப்புற்றன எனல் சாலாது.