மன்னும் மலைக்காளானும்

இடியுடன் மழை பெய்து ஓய்ந்தால் ஓவேலியின் சோலைகளிலும் தேயிலைத் தோட்டத்துப் புற்றோரங்களிலும் காளான்கள் முளைத்துவிடும். சென்ற மழைக்காலத்தில் மதரஸா மாணவர் ஒருவர் பை நிறையக் காளான்களைக் கொண்டுவந்து, "உஸ்தாத், காளான் 'மன்னு' வகையைச் சார்ந்தது என்று ஹதீஸில் படித்தோமே; இவற்றை அச்சமின்றி உண்ணலாம் அல்லவா?" என்று வினவினார். விடை, ஒரு சொல்லின் வரலாற்றில் இருக்கிறது.

ஸயீத் பின் ஸைத் (ரலி) அறிவிக்கும் அந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதிலுள்ள அரபுச் சொல் 'கம்ஆ'. தமிழில் அதைக் 'காளான்' என்று பெயர்த்துள்ளனர். கம்ஆவோ பாலைமணலுக்குள் கிழங்குபோல் உருண்டு விளைவது. அதற்குக் குடையுமில்லை, தண்டுமில்லை. இடிமழைக்குப்பின் மிகுதியாகக் கிடைப்பதால் அரபியர் அதனை 'இடியின் பயிர்' என்றும் அழைத்தனர். தோழர்கள் சிலர் அதைப் 'பூமியின் அம்மை' என்று குறிப்பிட்டபோது, அது மன்னைச் சார்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியதாகத் திர்மிதீயில் காண்கிறோம். உழவும் விதையுமின்றிக் கிடைக்கும் கொடை என்பதே இதன் கருத்து என அறிஞர் பலர் விளக்கினர்.

ஆயினும் அவர்கள் எச்சரிக்கவும் தவறவில்லை. கம்ஆவிலேயே செந்நிறம் சார்ந்த ஒரு வகை உயிரைப் பறிக்கும் என எழுதினார் இமாம் இப்னுல் கய்யிம் (இறப்பு: ஹிஜ்ரி 751, கி.பி. 1350). அதற்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே பாக்தாதில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸின் நூல் அரபியில் பெயர்க்கப்பட்டது. காளான்களில் உண்ணத்தக்கவையும் நஞ்சும் உண்டென்று அந்நூல் சரியாகவே பிரித்தது. ஆனால் துருப்பிடித்த இரும்பின் அருகிலும் பாம்புப் புற்றருகிலும் முளைப்பவை நஞ்சு என்ற அதன் அடையாளம் பிழையானது.

அத்தகைய பிழைகள் நம் அடுக்களைகளில் இன்றும் வாழ்கின்றன. வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பன யாவும் ஆதாரமற்றவை. கொடிய காளான் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும். இடையில் நலமானதுபோல் தோன்றும். பிறகு கல்லீரல் செயலிழக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப்போல் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள்.

புற்றுக்காளானின் தண்டு வேர்போல் நீண்டு கறையான் கூட்டைத் தொடும். கொடிய நஞ்சுக்காளானின் அடியிலோ கிண்ணம்போன்ற உறையிருக்கும். மேலாகப் பறித்தால் இவ்வடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். இதனை அறிந்தால் மட்டும் போதாது. மக்கள் நெடுங்காலம் உண்டுவந்த ஒரு தென்னிந்தியப் புற்றுக்காளானைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல்தான் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதுவரை அவ்வறிவு பெரிதும் காட்டோரத்து மக்களிடமே இருந்தது. இங்கும் தலைமுறைகளாகச் சேகரித்து உண்ணும் பணியர், காட்டுநாயக்கர் முதியோரே கற்றுத்தரத் தக்கவர்கள். அறியாதபோது அறிந்தோரிடம் கேட்கச் சொல்கிறது குர்ஆன் (16:43).

காளான் ஹலால்தான், உயிருக்குத் தீங்கு தருவது ஹலால் அன்று. மாணவரின் பையிலிருந்த காளான்களை இனங்காண எங்களுள் எவராலும் இயலவில்லை. ஆகவே அவற்றைக் குழிதோண்டிப் புதைத்தோம். அன்றைய பாடம் அதுவே.

அல்லாஹ் மிக அறிந்தவன்.